பங்கிலாபக் கணக்கும் மலையகமும்

பங்கிலாபம் மிகுதியாக வழங்கும் கம்பனியே வளமான கம்பனி என்னும் எண்ணம் பங்குச் சந்தையில் மட்டுமன்றி, மலையகத் தொழிற்சங்க மேடைகளிலும் வேரூன்றியுள்ளது. முதலீட்டாளர் அதனைக் கண்டு பங்கு வாங்குகின்றனர். பேச்சாளர் அதனையே சுட்டிச் சம்பள உயர்வு கோருகின்றனர். இருசாரார் நோக்கமும் வேறு, தவறு ஒன்றே.

பங்கொன்றுக்கு ஓராண்டில் வழங்கப்படும் பங்கிலாபம் அதன் சந்தை விலையில் எத்தனை வீதம் என்பதே பங்கிலாப விளைவு. 50 ரூபாப் பங்குக்கு 5 ரூபா வழங்கப்படின் விளைவு 10 வீதம். கம்பனியின் எதிர்காலத்தை ஐயுற்றோர் பங்குகளை விற்க, விலை 25 ரூபாவாக வீழ்ந்தால் அதே 5 ரூபா 20 வீதமாகிவிடும். இங்கு வளம் இருமடங்காகவில்லை, நம்பிக்கையே பாதியாயிற்று.

இம்மயக்கத்தைத் தெளிவிப்பது கொடுப்பனவு விகிதமாகும். ஈட்டிய இலாபத்தில் எவ்வளவு பங்கிடப்பட்டது என்பதை அது காட்டும். பங்கொன்றுக்கு 4 ரூபா ஈட்டிய கம்பனி 5 ரூபா வழங்கின் விகிதம் 125 வீதம். மேலதிக ஒரு ரூபா பழைய சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வந்ததாதல் வேண்டும். விதைநெல்லைக் குற்றி விருந்திடும் வேளாண்மை எத்தனை போகத்துக்கு நிலைக்கும்?

தேயிலையைப் பொறுத்தவரை இவ்விகிதத்தையும் மேலோட்டமாக நோக்குதல் தகாது. மீள்நடுகைச் செலவு மூலதனச் செலவாகப் பதியப்படுவதால், அவ்வாண்டின் இலாபத்திலிருந்து அது முழுமையாகக் கழிக்கப்படுவதில்லை. தோட்டத்து மரங்களின் மதிப்பு உயர்வோ கையில் பணம் வாராமலே இலாபத்திற் சேர்க்கப்படுகின்றது. ஆகவே 80 வீதம் பங்கிட்ட கம்பனியிடம், முதிர்ந்த செடிகளைப் பிடுங்கிப் புதியன நடுவதற்கு எதுவும் எஞ்சாதிருக்கலாம்.

ஓராண்டின் கணக்கும் போதாது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது கொழும்புத் தேயிலை ஏலத்தில் ரூபா விலைகள் பெரிதும் உயர்ந்தன. அவ்வாண்டின் பங்கிலாபத்தை என்றுமுள்ள வருவாயாகக் கொள்வோர் பெருமழையைக் கண்டு ஊற்றென்று மயங்குவோராவர்.

பெயரும் மயக்கந் தரும். கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதியில் வட்டவளையைக் காண்போர், அப்பெயர் தாங்கிய கம்பனியை மலைநாட்டுத் தேயிலைக் கம்பனி என்றே எண்ணுவர். ஆயின் 2017இல் அதன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் ஹட்டன் பிளான்டேசன்ஸ் என்னும் வேறு கம்பனியாகப் பிரிக்கப்பட்டன. வட்டவளை என்ற பெயருடன் எஞ்சியது பெரும்பாலும் தாழ்நாட்டு எண்ணெய்ப்பனைச் செய்கையே. பிரிவினைக்கு முந்திய பங்கிலாபத்தைப் பிந்தியதோடு ஒப்பிடுதல் எவ்வாறு பொருந்தும்?

இது வணிகம் பயில்வோருக்கு மட்டும் உரிய கணக்கு என்று ஒதுக்குதல் பேதைமை. 1992இல் தனியார் முகாமைக்கு மாற்றப்பட்ட பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகள் 1995 முதல் விற்கப்பட்டபோது, பத்து வீதப் பங்குகள் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. பங்கு கிடைத்தது, அதனை வாசிக்கும் அறிவு கூடவே வழங்கப்படவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. வழியில்லை என்னும் முறையீட்டை ஆராயக் கோஷங்கள் உதவா. பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவரும் பார்க்கக்கூடியவை. ஐந்தாண்டு இலாபம், கொடுப்பனவு விகிதம், மீள்நடுகை செய்த நிலப்பரப்பு ஆகிய மூன்றையும் அருகருகே நிறுத்துக. விகிதம் உயர்ந்தும் மீள்நடுகை தாழ்ந்தும் இருப்பின், பங்குதாரருக்கு வழி கண்டவர்கள் தொழிலாளிக்கும் தோட்டத்துக்கும் மட்டும் வழி காணாதது வெளிப்படும். விகிதமே தாழ்ந்திருப்பின், பங்கிலாபத்தை வைத்து வாதிடுவது வீண். வாழ்க்கைச் செலவையும் தொழிலாளியின் உரிமையையும் முன்வைத்தே கோரிக்கை எழவேண்டும்.

எதிராளியின் கணக்கைப் படிக்காது பேச்சுவார்த்தை மேசையில் அமர்வோர், அவன் நீட்டும் இலக்கத்தை ஏற்பதன்றி வேறு செய்வதற்கில்லை.