தோக்ரா ஆடிய மண்

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கம் துத்திப்பட்டு கிரிக்கெட் மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் ஆடுகிறார்கள், நம் பிள்ளைகளோ வேலிக்கு வெளியே நிற்கிறார்கள் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வருத்தத்தில் பரஸ் தோக்ராவைச் சேர்க்க மாட்டேன்.

இமாசலத்தின் பாலம்பூர்க்காரர். 2001-02 பருவத்தில் முதல்தர ஆட்டத்துக்கு வந்தவர். புதுச்சேரி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் இறங்கிய 2018இல் நம் அணிக்கு வந்து, அந்த ஆண்டே சிக்கிமுக்கு எதிராக 253 ரன் அடித்தார். அது அவருடைய எட்டாவது ரஞ்சி இரட்டைச் சதம். அஜய் சர்மாவின் ஏழு இரட்டைச் சதங்களைத் தாண்டிய சாதனை. பிறகு ஒன்பதையும் தொட்டார். இத்தனைக்கும் இந்திய அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2024இல் ஜம்மு காஷ்மீருக்குப் போனபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அந்த வயதிலும் நல்ல ஃபீல்டர். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெளிமாநிலத் தொழில்முறை வீரர்கள் ஓர் அணிக்கு மூன்று பேர் வரைதான். மீதி இடங்கள் நம்முடையவை. ஆனால் பாகூரில் அறுவடை முடிந்த வயலில், கட்டாந்தரையில் விழுந்து புரண்டு கேட்ச் பிடிக்கிற பையனுக்கு முழங்கை தேய்கிறதே தவிர, பயிற்சியாளர் கண்ணில் படுவதில்லை. கொம்யூனுக்கு ஒரு புல்தரை, வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளர்: இதைத்தான் கேட்கிறேன். அடுத்த கோடைக்குள் பாகூரில் தொடங்கட்டும்.