பாதரசம் போன பிறகு

பழைய ஃபிலிம் கேமராக்களை எடுத்துப் புழங்குபவர்களிடையே ஒரு சமாதானம் உண்டு. ஒளிமானி ஒரு ஸ்டாப் பிசகினால் என்ன, நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும் என்பது அது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நெகட்டிவ் தாங்குவது மிகையான ஒளியை. குறைவான ஒளியை அல்ல. நிழலில் பதியாமல் போன விவரத்தை எந்த இருட்டறையாலும் எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது. பொருந்தாத மின்கலம் இட்ட ஒளிமானி பெரும்பாலும் நம்மை இழுத்துச் செல்வதோ அந்தத் திசைக்குத்தான்.

1960களிலும் 70களிலும் வந்த கேமராக்கள் பலவற்றில் காட்மியம் சல்பைடு ஒளியுணரியும் பிஎக்ஸ்625 என்ற பாதரச மின்கலமும் இருந்தன. அந்த மின்கலம் 1.35 வோல்ட்டைத் தன் ஆயுளின் இறுதிவரை ஏறக்குறைய மாறாமல் தந்தது. அதை நம்பியே வடிவமைப்பாளர்கள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம் எதையும் தனியே வைக்காமல் விட்டார்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் பாதரசப் பொத்தான் மின்கலங்களின் விற்பனையைத் தடை செய்தது. பிற நாடுகளிலும் அவை மறைந்தன. மினமாட்டா விரிகுடாவின் மீனவக் குடும்பங்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர் எவரும் இதற்காக வருந்த மாட்டார்.

ஆனால் அதே வடிவில் கடையில் கிடைக்கும் அல்கலைன் மின்கலம் 1.5 வோல்ட்டில் தொடங்கி, நாள்பட நாள்பட இறங்கிக்கொண்டே போகிறது. சில்வர் ஆக்சைடு மாறாமல் நிற்கும், ஆனால் 1.55 வோல்ட்டில். எளிய மின்சுற்றுள்ள கேமராவில் இந்த மிகை மின்னழுத்தம் முள்ளைக் கூடுதலாகத் தள்ளுகிறது. இல்லாத வெளிச்சத்தை இருப்பதாக முள் சொல்கிறது. நாமும் துளையைச் சுருக்குகிறோம்.

என் பெரியம்மாவை அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுருள் முழுக்க எடுத்தேன். அல்கலைன் மின்கலம்தான் போட்டிருந்தேன். சன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் பதிந்திருந்தது; மறுபாதி வெறும் செல்லுலாய்டு. மறுபடி எடுக்க அவர் இல்லை.

ஏஎஸ்ஏ சக்கரத்தைச் சற்றுத் திருப்பி ஈடுகட்டலாம் என்பார்கள். வெயிலிலும் கூடத்திலும் பிழை ஒரே அளவாக இருந்தால் சரி. இருப்பதில்லை. ஷாட்கி டயோடு ஒன்றைப் பற்றவைத்து மின்னழுத்தத்தை இறக்குவது இன்னொரு வழி; கெட்டிக்காரத்தனமானது. ஆனாலும் டயோடின் இறக்கம் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்து மாறும் என்பதால், மங்கிய ஒளியில் அது செய்வது குறைவு. தவிர, அரை நூற்றாண்டு தாங்கிய கம்பிகளில் சூட்டுக்கோல் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நான் சேர்ந்த கட்சி காதுகேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று மின்கலம். சுமார் 1.4 வோல்ட், நெடுநேரம் மாறாமல். விட்டம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் தேவை. ஒட்டுத்தாளை உரித்துக் காற்றுப் பட்டதும் அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் உலர்ந்துவிடும். அதனால் என்ன, விலை மலிவு. (பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். அதன் பாலச் சுற்றில் முள் நடுவில் நிற்கும்போது மின்னழுத்தம் சற்று மாறினாலும் அளவீடு மாறாது.)

மின்கலத்தைச் சரிசெய்துவிட்டு உடனே மேல்மூடியைக் கழற்றித் திருகுகளைத் திருப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அளக்க வேண்டும். சீராக ஒளி விழும் வெற்றுச் சுவர் ஒன்றை, நம்பகமான இன்னொரு ஒளிமானியோடு, நடுப்பகலிலும் அந்தியிலும் விளக்கொளியிலும் ஒப்பிட வேண்டும். பிசகு எங்கும் ஒரே அளவென்றால் திருகைத் தொடலாம், அல்லது சக்கரத்தையே நகர்த்தி வைக்கலாம். ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால் ஒளியுணரியே மூப்படைந்திருக்கக் கூடும்; அதற்குத் திருகில் மருந்து கிடையாது.

என் கேமரா வெயிலில் சரியாகச் சொல்கிறது. விளக்கொளியில் முக்கால் ஸ்டாப் மிகையாகச் சொல்கிறது. அடிப்பகுதியில் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.