இரண்டாம் உலகப்போர் ஏர்சாஃப்ட்: துப்பாக்கியைக் கடைசியில் வாங்கினால்தான் லாபம்... ஏன்?

பிரிட்டனுக்கு வேலைக்குப் போன நண்பர் ஒருவர் காக்கி உடை, இரும்புத் தொப்பி, பழைய காலத்து ரைஃபிளுடன் காட்டுக்குள் நிற்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால், சினிமா ஷூட்டிங் என்று நினைத்துவிடாதீர்கள். அது வரலாற்று ஏர்சாஃப்ட்டாக இருக்கலாம். ஆசைப்பட்டு இதில் இறங்கும் புதியவர்கள் பலர் செய்யும் முதல் தப்பு, எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கி வாங்கக் கிளம்புவது. அதில் காசும் வீணாகும், சட்டச் சிக்கலும் வரலாம்.

அது என்ன விளையாட்டு?

அசல் போலவே தோன்றும் துப்பாக்கியால் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைச் சுட்டு ஆடும் குழு விளையாட்டு. 1970-களில் ஜப்பானில் பிறந்தது. பெயிண்ட்பால் மாதிரி உடையில் சாயம் ஒட்டாது. குண்டு பட்டால் 'ஹிட்' என்று நீங்களே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். வரலாற்றுப் பிரிவில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: உடை, பெல்ட், பை, துப்பாக்கி எல்லாமே ஒரே போர்க்காலத்தைச் சேர்ந்தவையாக இருக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 2006-ம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தின்படி, அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்களுக்கும் வரலாற்று நிகழ்த்துநர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால், நீங்கள் உண்மையிலேயே ஆடுபவர் என்று காட்ட வேண்டும்.

இதற்காக வணிகர்கள் வைத்திருக்கும் பதிவேடுதான் 'யுகாரா'. பதிவு பெற்ற மைதானத்தில், குறைந்தது 56 நாட்கள் இடைவெளியில் மூன்று ஆட்டங்களாவது ஆடியிருந்தால் அதில் பெயர் சேர்க்கலாம். பதிவு இல்லாதவர்களுக்கு, பெரும்பகுதி பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் துப்பாக்கியைத்தான் கடைக்காரர் தருவார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதையும் விற்கக் கூடாது.

'அதை வாங்கி வீட்டில் கறுப்பு பெயிண்ட் அடிச்சிட்டா போச்சு' என்று யோசிக்காதீர்கள். விலக்குக்குத் தகுதி இல்லாதவர் அப்படி மாற்றுவதும் குற்றம்தான்.

அந்த இரண்டு மாதம் வீணா?

இல்லை, அதுதான் உங்கள் பர்ஸைக் காப்பாற்றும். பல மைதானங்களில் துப்பாக்கி, முகக்கவசம் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று ஆட்டம் முடிவதற்குள் மழையிலும் சேற்றிலும் நாள் முழுக்க ஓடுவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் வாடகையோடு போகும்.

செலவை எந்த வரிசையில் செய்வது?

முதலில் கண்ணைச் சுற்றி முழுசாக மூடும் தரமான கண்ணாடி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு குண்டு போதும், பார்வை போய்விடும். அடுத்து கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ். பிறகு உடை, பெல்ட், பைகள். துப்பாக்கி கடைசியில்தான்.

உடை வாங்கும் முன் குழுவைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு படைப்பிரிவு, ஒரு ஆண்டு, ஒரு விதிப் பட்டியல் இருக்கும். பழைய உறுப்பினர்களிடம் இரவல் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

எந்தக் காலம் மலிவு?

1970, 80-களின் பனிப்போர்க் காலம். அன்றைய ராணுவ உபரி உடைகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. ஏகே வகைத் துப்பாக்கியும் ஏர்சாஃப்ட்டில் விலை குறைந்த ரகம். இரண்டாம் உலகப்போருக்கு வந்தால் செலவு ஏறும். அசல் உடைகள் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டதால், மறுதயாரிப்பைத்தான் வாங்கணும். அமெரிக்க எம்1 கேரண்ட் போன்ற மரக்கட்டை ரைஃபிள்கள் விலை அதிகம். ஸ்டென் போன்ற எளிய உலோகத் துப்பாக்கிகள் கொஞ்சம் கையைக் கடிக்காது.

பிரிட்டிஷ் தரப்பு என்றால் இன்னொரு வழி உண்டு: போருக்குப் பிறகு வந்த 1949 பேட்டர்ன் கம்பளி உடை. தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குழு ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தமிழர்களுக்கு இதில் இடம் இருக்கிறதா?

தாராளமாக. இத்தாலியிலும் பர்மாவிலும் போரிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு இருந்தது. 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மீது விழுந்து சக வீரர்களைக் காப்பாற்றி உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. ஹாலிவுட் படங்களில் அதிகம் காட்டப்படாத இந்த வீரர்களின் தோற்றத்தை நீங்கள் மைதானத்துக்குக் கொண்டுவரலாம். பெல்ட், பைகள் எல்லாம் பிரிட்டிஷ் வீரர்கள் அணிந்த அதே 1937 பேட்டர்ன்தான் என்பதால் தனிச் செலவும் பெரிதாக இருக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வேகத்தை அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தொடர்ச்சியாகச் சுடும் ஏர்சாஃப்ட்டுக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் அந்த விலக்கு கிடைக்காது. சட்டத்தின் கண்ணில் அது நிஜத் துப்பாக்கியாகவே கருதப்படலாம்.

வாங்கிய பிறகும் ஒரு விஷயம். பையில் மூடி வைத்துத்தான் வீட்டிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுபோகணும். தக்க காரணமில்லாமல் போலித் துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவது பிரிட்டனில் தனிக் குற்றம். எதிரே வரும் போலீஸ்காரருக்கு உங்கள் கையில் இருப்பது பிளாஸ்டிக் குண்டு போடுவது என்று எப்படித் தெரியும்?