கண்டக்டர் மட்டுந்தான் திருடரா?

சென்னைப் பட்டணத்து டவுன் பஸ்ஸில் பிரயாணம் செய்கிறவர்கள் தினந்தோறும் ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டுதானிருக்கிறார்கள். கூட்ட நேரத்தில் கண்டக்டர் தம் ஆசனத்தை விட்டு அசைய முடிவதில்லை. முன்னே நிற்பவர் போகவேண்டிய இடத்தின் பேரைச் சொல்லி, ஒரு நோட்டைப் பின்னால் நிற்பவரிடம் கொடுக்கிறார். அது ஏழெட்டுக் கை மாறிக் கண்டக்டரிடம் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகவே திரும்பி வந்து சேருகின்றன. கடவுள் பயமும் நரக பயமும் போய்விட்டால் மனிதன் திருடனாகிவிடுவான் என்று சொல்லும் ஆஸ்திகர்களைக் கேட்கின்றோம்: அந்த ஏழெட்டுக் கைகளுக்கும் எந்தச் சாமி காவல் நின்றது? அவை எந்த ஜாதிக் கைகள் என்றாவது யாராவது விசாரித்ததுண்டா? (விசாரிக்கப் புறப்பட்டவர் இறங்கி நடக்கவேண்டியதுதான்.)

ஆனால் முகந்தெரியாத பத்துப் பேரை இப்படி நம்புகின்ற அதே ஜனங்கள், தோல்பை மாட்டிக்கொண்டிருக்கிற அந்த ஒருவரை மாத்திரம் நம்புவதில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள். கண்டக்டர் பாக்கியை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தால், அதற்குள் முணுமுணுப்பு. இறங்கும்போது கேட்க மறந்துபோனால், “அமுக்கிவிட்டான்” என்கிற பட்டம். இரவில் டிப்போவில் கணக்கு ஒப்பிக்கும்போது குறைவதைக் கண்டக்டர் தம் மடியிலிருந்து கட்டுகிறார் என்பது இவர்களுக்குத் தெரியாது. இதே மனிதர்கள் கோவில் உண்டியலில் போட்டதற்கு மீதி கேட்டதுண்டா? அர்ச்சகர் தட்டில் வைத்ததற்கு ரசீது கேட்டதுண்டா? ரசீதும் கொடுத்து, மீதியும் கொடுக்கிறவருக்குத்தான் திருடன் பட்டம்!

மேலதிகாரிகளின் நம்பிக்கையும் இந்த லட்சணந்தான். டிக்கெட் வாங்காமல் ஒருவன் கூட்டத்தில் ஒளிந்துகொண்டு நிற்க, நடுவழியில் பரிசோதகர் ஏறினால், அவன் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறான். அதற்குச் சமாதானம் எழுதவேண்டியவர் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வா என்றால் சண்டை, சொல்லாமல் விட்டு அவன் விழுந்தாலோ அதுவும் கண்டக்டர் குற்றம்.

கண்டக்டர் தோழர்களுக்கும் ஒன்று சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. 2021-ஆம் வருஷம் மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிறது. அதற்கான பணத்தையும் சர்க்காரே கழகத்துக்குக் கொடுக்கிறது. அப்படியிருக்க, வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற தாய்மார்களை “ஓசி” என்று சில கண்டக்டர்கள் ஏளனம் செய்வது என்ன யோக்கியதை? பிரயாணி தம்மை “டேய்” என்றால் சுயமரியாதை போய்விட்டதென்று கொதிக்கிறவருக்கு, எதிரில் நிற்பவளுக்கும் அது உண்டென்பது தெரியவேண்டாமா?

இனி வேலை நேரத்தைப் பற்றி. 2025-ஆம் வருஷம் வரை அமுலில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 48 மணியுமே வேலை என்றது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி நேரமாவது ஓய்வு என்றது. ஏட்டில் நல்ல சட்டந்தான். ஆனால் நெரிசலில் பஸ் அரைமணி தாமதித்தால், முதலில் பறிபோவது கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் டீ குடிக்கிற பத்து நிமிஷந்தான். வந்த வேகத்திலேயே விசிலை ஊதிப் புறப்படவேண்டியிருக்கிறது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போகிறவர் பிரயாணியிடம் இனிமையாகப் பேசவில்லையே என்று குறை சொல்லுகிறோம். பெண் கண்டக்டர்களின் கஷ்டத்தையோ கேட்கவேண்டியதில்லை.

வருஷத்துக்கொரு தரம் ஆயுத பூஜையென்று பஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய்! பஸ் இவற்றைக் கேட்கவில்லை. அதில் வேலை செய்கிறவர்கள் கேட்பது, ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் தண்ணீர் வருகிற குழாயும், தாழ்ப்பாள் உள்ள கதவோடு கூடிய ஒரு கக்கூசுமேயாகும்.