கைகாட்டி மரமும் மனிதக் கையும்

பிழைப்பை நாடிக் களமசேரிக்கு வந்த நம்மவருள் பலரும் கையுழைப்பை நம்பி வாழ்பவர்களே. ஆதலின் அக்கை அசையும் விதத்தை இம்மாதம் ஆராய்வோம்.

அன்பர்களே, வலக்கையால் இடது முன்கையைப் பற்றிக்கொண்டு, இடக்கை விரல்களை இறுக மடக்கி விரித்துப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை புரள்வது புலப்படும். விரலை வலுவாக மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து தசைநாண் என்னும் கயிறு மணிக்கட்டைக் கடந்து விரலெலும்பைப் பற்றியிருக்கிறது.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. பழைய கைகாட்டி மரத்தில், கேபினிலுள்ள லீவரை இழுத்தால் தொலைவிலுள்ள கை அசையும். இடையிலுள்ள கம்பி இழுக்குமேயன்றித் தள்ளாது. கை பழைய நிலைக்குத் திரும்ப எதிர்ப்பளு வேண்டும். தசையும் அவ்வாறே, சுருங்கி இழுக்க மட்டுமே அறியும். ஆதலின் மடக்க ஒரு தசையும் நீட்ட அதன் எதிர்த்தசையும் அமைந்துள்ளன. ஒன்று இழுக்கையில் மற்றொன்று நெகிழ்ந்து கொடுக்கும். எலும்பு நெம்புகோல், மூட்டு அது சுழலும் இடம்.

இச்சமநிலை குலைந்தால் நேர்வது யாது? தொழுநோய் முழங்கையருகே ஓடும் நரம்பைக் கெடுக்கும்போது, உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் நீண்ட தசைகள் எதிர்ப்பின்றி இழுக்க, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடுகின்றன. அத்தகைய கைகளை ஒருகாலத்தில் உலகம் கைவிட்டிருந்தது.

1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்டு, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயுற்ற கையிலும் முன்கைத் தசைகள் பல நலமாயிருப்பதைக் கண்டார். நல்ல தசையொன்றின் நாணைப் பிரித்து, வேறு வழியே செலுத்தி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு தைத்தார். ஒரு கைகாட்டியின் கம்பியை மற்றொன்றுக்கு மாற்றிக் கட்டியது போன்றது இது. தைத்த அளவில் வேலை முடியவில்லை. புதிய இழுப்பை மனமும் கையும் பயிற்சியால் கற்க வேண்டியிருந்தது. கை மீண்டவர்கள் வேலூர் நவ ஜீவ நிலையத்தில் தச்சுத்தொழில் பயின்று, தம் உழைப்பால் உண்ணத் தலைப்பட்டனர்.

இன்று தொழுநோயை முற்றும் தீர்க்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. உணர்ச்சியற்ற தேமல், விரலில் மரமரப்பு, பிடி தளர்தல் ஆகியவற்றைக் கண்டால், வேலை போய்விடுமே என்றஞ்சி மறைத்தல் ஆகாது. நரம்பு கெடுமுன் மருந்துண்டால், நாணை மாற்றித் தைக்கும் தேவையே பெரும்பாலும் எழாது. கையைக் காப்பதே குடும்பத்தைக் காப்பது.