தாலி யாருக்கு இடைஞ்சல்?

மணமான பெண்ணுக்குக் குடும்பச் சுமை அதிகம். தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை மணமான பெண்களைத் தவிர்ப்பதற்கு இப்படிக் காரணங்கள் சொல்லப்பட்டதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. இன்றும் பலர் இதை நியாயம் என்கிறார்கள்.

நியாயமே இல்லை.

புதிதாகச் சேர்ந்தோரில் 25 சதவீதம் மணமான பெண்கள், உலோகம் அணியக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொது என்று நிறுவனமே அரசிடம் விளக்கியது. விதி பொதுவென்றால், வாசலில் மோதிரத்தைக் கழற்றும் ஆணைப்போல அவளும் மெட்டியைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள். அவளை வேலைக்கே எடுக்காமல் விடுவானேன்? குடும்பச் சுமையோ, இரண்டு பிள்ளைகளின் தகப்பனிடம் எந்த நேர்காணலிலும் யாரும் கேட்காத கேள்வி.

ஆள்சேர்ப்பில் பெண்ணிடம் பாகுபாடு காட்டுவதைச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு 1976-லேயே தடுத்தது. அந்தப் பிரிவைச் சுட்டித்தான் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டிய அரசு, மணமானவர்கள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் ஆலைவாரியாக வெளியிட வேண்டும்.