முறுக்கிக் கொண்டால்தான் அமைதி!

அடுக்களையில் மிக்ஸி ஓடினால் கூடத்திலுள்ள ரேடியோ கரகரவென்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் என்ன ஜன்மப் பகை? பகை ஒன்றுமில்லை. மிக்ஸியின் மோட்டாருக்குள் தெறிக்கும் சின்னஞ்சிறு பொறிகள் மின்காந்த அலைகளைக் கிளப்பி விடுகின்றன. அவற்றையும் ஏதோ நிலையத்தின் ஒலிபரப்பு என்று நம்பி ரேடியோ கச்சேரியை ஆரம்பித்து விடுகிறது!

ஒரு மிக்ஸியின் கலாட்டாவே இவ்வளவு என்றால், உங்கள் வீட்டுக் காரை நினைத்துப் பாருங்கள். வைப்பர் மோட்டார், ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் மோட்டார், பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக் என்று இரைச்சல் போடும் சாமான்கள் அத்தனையும் ஒரே கூண்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. அதே கூண்டுக்குள்தான் எஞ்சினையும் பிரேக்கையும் கவனிக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக் கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு குழம்பினால் ரேடியோ இரைவதுபோல் சும்மா இருந்துவிட முடியுமா?

பேச்சு நடப்பது இரண்டே கம்பிகளில். ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1983-ல் வேலையைத் தொடங்கி, 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெளியிட்ட ஏற்பாடு இது. ‘கேன்’ என்று பெயர். சும்மா இருக்கும்போது இரு கம்பிகளிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஒன்று 3.5-க்கு ஏறும்; மற்றது 1.5-க்கு இறங்கும். கேட்கும் பெட்டி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. வெளியிலிருந்து ஓர் இரைச்சல் வந்து இரண்டிலும் ஒரு வோல்ட்டைக் கூட்டிவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். 4.5-ம் 2.5-ம் ஆயிற்று. கழித்துப் பாருங்கள், அதே 2 தான்! கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால், இரண்டின் விலை வித்தியாசம் மாறுமோ?

ஆனால் இரைச்சல் இரண்டிலும் சரிசமமாக விழ வேண்டுமே! மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள கம்பி அதிகம் வாங்கும், தள்ளியிருப்பது குறைவாக வாங்கும். அதற்குத்தான் கயிறு திரிப்பதைப் போல இரண்டையும் முறுக்கி விடுகிறார்கள். ஒவ்வொரு முறுக்கிலும் கம்பிகள் இடம் மாறிக் கொள்வதால் பாதிப்பும் சமமாகி விடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. நீண்ட கம்பி எதுவானாலும் அது ஒரு ஏரியல்தான். தானும் இரைச்சலை வெளியே பரப்பும். முறுக்கிய ஜோடியிலோ ஒன்று பரப்புவதை மற்றது அழித்து விடுகிறது. இது காருக்காகப் பிறந்த யோசனை அல்ல. டெலிபோனைத் தந்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

மின்சாரக் கார்களில் உபத்திரவம் இன்னும் பெரிது. பாட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் சாதனம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ‘ஆன்-ஆஃப்’ செய்கிறது. அங்கே முறுக்கு போதாது. ஆரஞ்சு நிறத் தடிக் கேபிளின் உறைக்குள் செப்பு இழைகளை நம் வீட்டுப் பெண்களின் சடையைப்போல் பின்னிக் கவசம் போடுகிறார்கள். அப்படியும் மத்திய அலை ரேடியோவின் கரகரப்பு முற்றிலும் அடங்கவில்லை. சில கம்பெனிகள் காரிலிருந்து அந்த ரேடியோவையே எடுத்து விட்டன! நோய்க்கு மருந்து கொடுக்காமல் நோயாளியை வீட்டை விட்டு அனுப்பியது போல இருக்கிறது எனக்கு. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியும் அவ்வாறு செய்ய முனைந்தது. ஆபத்துக் காலத்தில் அரசாங்கத்தின் எச்சரிக்கை ஜனங்களை எட்டுவது அந்த ரேடியோவில் அல்லவா என்று ஆட்சேபம் எழவே, 2023 மே மாதத்தில் முடிவை மாற்றிக் கொண்டது.

நமக்கு நேரடியாகச் செலவு வைக்கும் விஷயத்துக்கு வருவோம். காரில் அலங்கார விளக்கோ ரிவர்ஸ் காமிராவோ பொருத்தும்போது சில எலெக்ட்ரீஷியன்கள் இந்த முறுக்கிய கம்பிகளையும் பிரித்து, ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி விடுகிறார்கள். பிரிந்து கிடக்கும் அந்தச் சாண் நீளத்தில்தான் இரைச்சல் நுழைகிறது. செய்தி கெட்டால் பெட்டி அதை மறுபடி அனுப்பும். தவறுகள் மேலும் மேலும் சேர்ந்து கணக்கு 255-ஐத் தாண்டினால், ‘நமக்கேன் வம்பு’ என்று அந்தப் பெட்டி பேச்சிலிருந்து விலகிக்கொள்ளும். முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டியைத் தட்டினால் அணையும். மறுநாள் மீண்டும் எரியும். கடைசியில், நன்றாக இருக்கும் பெட்டியை மாற்றச் சொல்லிப் பெரிய பில் வரும்.

பில்லுக்குத் தலையாட்டுமுன் இரண்டு காரியம் கேளுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே முறுக்கு இணைப்பின் வாசல் வரை வந்திருக்க வேண்டும். பிறகு, பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இரு கம்பிகளுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேன் கம்பியின் இரு கோடிகளிலும் ஆளுக்கு 120 ஓம் தடை இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 60 காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு கோடி எங்கோ விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். கோளாறைப் பெட்டியில் தேடுமுன் கம்பியில் தேடச் சொல்லுங்கள்.